இடிக்குப் பிறகு கொம்பியூட்டர் எழும்பவில்லை, பங்குப் பட்டியல் உள்ளே மாட்டிவிட்டது

வாய்க்கால்கரை:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற எங்கள் கமக்காரர் அமைப்பின் பழைய டெஸ்க்டொப் பற்றித்தான் கேட்கிறேன். பின்னேரம் இடி முழங்கி, கரண்ட் போய் வந்ததிலிருந்து அது எழும்பவில்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபான் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது, திரையில் ஒன்றும் வராது, பீப் சத்தமும் இல்லை. சிறுபோகத்துக்கு வாய்க்கால் வாரியாக யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற பட்டியல் அதற்குள்தான் இருக்கிறது, கூட்டமோ நெருங்கிவிட்டது. கடையில் காட்டினால் போர்மட் பண்ணி விண்டோஸ் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். போட்டால் பட்டியல் தப்புமா?

புளியங்குளத்தான்:
தம்பி, முதலில் பெட்டியைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வாங்கோ. ஃபான் ஒரு சுற்றோடு நிற்கிறதென்றால் மெஷின் விண்டோஸைத் தேடுகிற கட்டத்துக்கே வரவில்லை, பிறகெதற்குப் போர்மட்? காலில் முள் ஏறினதற்கு மொட்டை அடிக்கிற வேலை அது. பிழை அநேகமாகப் பவர் சப்ளையில், இல்லாவிட்டால் மதர்போர்டில்.

வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கோ, மிச்சக் கரண்ட் வடியட்டும். அப்புறம் ராமை, அதுதான் மெமரித் தகட்டை, கழற்றி, அந்தப் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, இரண்டு பக்கக் கொளுக்கியும் டிக் என்று விழும்வரை அழுத்திப் பூட்டுங்கோ. எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதியும் பல்லி எச்சமும் செய்கிற வேலை கொஞ்சமல்ல. அதற்கும் அசையாவிட்டால் ஓடுகிற ஒரு பெட்டியின் பவர் சப்ளையை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கோ. பழையதைத் திறந்து நோண்ட வேண்டாம், வயர் கழற்றின பிறகும் அதற்குள் கரண்ட் தங்கி நிற்கும்.

வாய்க்கால்கரை:
ராமைத் துடைத்தும் பார்த்தேன், இரவல் பவர் சப்ளையும் போட்டேன் அண்ணை. அதே ஒரு சுற்றுத்தான்.

மல்லாவி அக்கா:
அப்போ போர்ட் போயிருக்கும். அது கிடக்கட்டும், பட்டியல்தானே அவசரம். ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, சாட்டா டிஸ்கை யூஎஸ்பியில் இணைக்கிற கேபிளால் வேறொரு மெஷினில் போடுங்கோ. டெஸ்க்டொப்பின் 3.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி கரண்டில் மட்டும் ஓடாது, 12 வோல்ட் அடப்டரோடு வருகிற கேபிள்தான் வேண்டும், லப்டொப் டிஸ்குக்கான மலிவுக் கேபிளை வாங்கி ஏமாற வேண்டாம்.

கரண்ட் கொடுத்ததும் காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கோ. சீராக இரைந்தால் நல்லது, டொக் டொக் என்று அடித்தால் உடனே நிறுத்திவிடுங்கோ, ஓட ஓடத் தகடு கீறுப்படும். விண்டோஸ் போர்மட் செய்யட்டுமா என்று கேட்டால் ஓம் சொல்லிவிட வேண்டாம். அப்படிக் கேட்டால், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளம் போட்ட பென்டிரைவால் மெஷினை எழுப்பி, டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்குக்குப் படியெடுத்து, அந்தப் படியில் மட்டும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள்களை ஓட்டலாம். ஃபோட்டோரெக் கோப்பைத் தரும், பெயரைத் தராது, ஒவ்வொன்றாகத் திறந்துதான் தேட வேண்டும்.

வாய்க்கால்கரை:
சத்தம் சீராகத்தான் இருக்கிறது அக்கா, தங்கச்சியின் லப்டொப்பில் ஃபோல்டர் எல்லாம் திறந்துவிட்டது. ஆனால் பட்டியலில் ஏக்கர்க் கணக்கு சரியாக இருக்க, ஆட்களின் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் குழம்பிக் கிடக்கின்றன. கோப்பு பழுதாகிவிட்டதா?

மல்லாவி அக்கா:
எழுத்துகளுக்கு இடையிடையே அரைப்புள்ளி நிறையத் தெரிகிறதா? தெரிந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பட்டியல், மெய்யெழுத்தின் புள்ளி பாமினியில் அந்த விசையில்தான் இருக்கிறது. தங்கச்சியின் லப்டொப்பில் பாமினி இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை நிறுவிவிட்டு எக்செலை மூடித் திறவுங்கோ. அதுவரை எதையும் அடித்துத் திருத்திச் சேமிக்க வேண்டாம்.

வாய்க்கால்கரை:
ஓம் அக்கா, ஒரே அரைப்புள்ளிதான்! பாமினி போட்டதும் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. பட்டியலைப் பென்டிரைவிலும் ஏற்றி, தலைவருக்கு ஒரு பிரதி பிரிண்ட் எடுத்தும் கொடுத்துவிட்டேன். புளியங்குளத்து அண்ணை, இந்தப் பெட்டிக்குப் பொருந்துகிற பாவித்த போர்ட் வவுனியாவில் கிடைக்குமா?

புளியங்குளத்தான்:
போர்டில் அச்சடித்திருக்கிற மொடல் எண்ணைப் படம் பிடித்துப் போடுங்கோ தம்பி, விசாரித்துச் சொல்கிறேன்.