மேற்படிப்பு வழிகாட்டி வகுப்பு: உங்கள் பள்ளியில் என்ன நடந்தது?

கெடிலக்கரை:
நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கடலூர் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் வழிகாட்டி வகுப்பு எடுக்கிறோம். ஒரே ஹாலில் எழுபது எண்பது பிள்ளைகள், மைக் பாதி நேரம் வேலை செய்யாது. "என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். கலெக்டர், டாக்டர், போலீஸ் என்று வரும், கைதட்டுவார்கள், அதோடு சரி.

கடலோரப் பள்ளி ஒன்றில் ப்ளஸ் டூ மாணவி எழுந்து பி.எஸ்சி. நர்சிங் சேர என்ன செய்யணும் என்று கேட்டாள். என்ன குரூப் என்றேன். காமர்ஸ். நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஏம்மா அதை எடுக்கலை என்றால், "சயின்ஸ் குரூப் இருக்குற ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும் சார், வீட்டுல விடலை" என்றாள். ப்ளஸ் டூவில் போய் நாம் என்ன வழிகாட்டுவது? பாதி கதவு பத்தாவது முடிந்த ஜூன் மாதமே சாத்தியாகிவிடுகிறது.

அதனால் இப்போது ஒன்பது, பத்து வகுப்புகளுக்குத்தான் போகிறோம். ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினால்தான் கடைசி பெஞ்சு நோட்டை எடுக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு என்றால் பேனாவும் வரும்!

சாக்பீஸ் டீச்சர்:
கெடிலக்கரை சார், பத்தாவதிலேயே வாங்க என்பது முழுக்கச் சரி. ஆனால் உண்மையான கேள்வியை எங்கள் பிள்ளைகள் ஹாலில் கேட்க மாட்டார்கள். எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வரும். "மிஸ், அப்பா பேரு ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு. சீட்டு கிடைக்காதா?" தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' வழிகாட்டுத் திட்டம் 2022இல் வந்தபிறகு படிப்புகளின் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. இடிப்பது காகிதத்தில். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான், அண்ணன் வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது. கிள்ளைப் பக்கத்து இருளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழே பெரிய அலைச்சல், வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீஸ் வரை போகணும். நீங்கள் வரும்போது இ-சேவை மையத்தில் இருப்பவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். உங்களைவிட அவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லைக்காரன்:
நான் புதுச்சேரியில் பாகூர் பக்கம். குருவிநத்தம், சோரியாங்குப்பம் ஆட்களுக்குப் பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர், மாநிலமே வேறு. எங்கள் தெருப் பையன் எட்டாவது வரை புதுச்சேரி அரசுப் பள்ளி, ஒன்பதிலிருந்து கடலூர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும் என்று ஒரு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், குதித்துக்கொண்டு வந்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. கடலூர் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில், "புதுச்சேரியில் படித்துவிட்டு வந்தவர்கள் யார் யார்?" என்று கை தூக்கச் சொல்லுங்கள்.