400 மீட்டர் ஓட்டத்துக்குக் கிரியேட்டின் உதவுமா?

கேள்வி:
கல்லூரி அணியில் 400 மீட்டர் ஓடும் என் தம்பி, உடற்பயிற்சிக் கூடத்து நண்பர்கள் சொன்னதைக் கேட்டுக் கிரியேட்டின் என்னும் ஊட்டப் பொடியை வாங்க எண்ணுகிறான். அதனால் ஓட்டம் உண்மையிலேயே மேம்படுமா, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கல் வருமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தசைக்கு உடனடி ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின் என்னும் சேர்மத்தின் இருப்பைக் கிரியேட்டின் கூட்டுவதால், சில நொடிகளே நீடிக்கும் கடும் முயற்சியை மீண்டும் மீண்டும் செய்யும் பளுப் பயிற்சியிலும் குறுவேக ஓட்டங்களிலும் பயன் தெரியும். நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வடிவம்) போதும். ஆனால் தசையில் நீர் தங்கி, எடை ஒன்றிரண்டு கிலோ கூடலாம். தன் உடலையே சுமந்து ஓடுபவருக்கு இது சிறிய செய்தியன்று. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மறுமொழி 2:
உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் கிரியேட்டின் இல்லை. எனக்கு அச்சம் தருவது டப்பாவில் அச்சிடப்படாத கலப்படமே. தடைசெய்யப்பட்ட பொருள் உடலுக்குள் எவ்வழியாக நுழைந்திருந்தாலும் பொறுப்பு வீரரையே சாரும் என்பது விதி. ஆகவே, தொகுதிவாரியாகச் சோதிக்கப்பட்டு 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' முத்திரை பெற்றதையே வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. போட்டிகள் முடிந்த பிறகு, எடையையும் ஓட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டு தொடங்கச் சொல்கிறேன்.