ஹார்பருக்கும் போர்ட்டுக்கும் ஒரே சொல் போதுமா?

தருமபுரியிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். பதினோராம் வகுப்புப் புவியியல் குறிப்புகளைத் தமிழாக்கி வருகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். ஹார்பர், போர்ட் இரண்டையும் துறைமுகம் என்றே எழுதியதால், ‘இயற்கைத் துறைமுகத்துக்குள் துறைமுகம் அமைந்துள்ளது’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது. தக்க சொல் கூறி உதவ வேண்டுகிறேன்.

ஓசூரிலிருந்து:
ஐயா, முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ஹார்பர் என்பது அலையும் காற்றும் அடங்கிய, கப்பல் நங்கூரமிட்டு நிற்கத்தக்க ஆழமுள்ள நீர்ப்பரப்பு. போர்ட் என்பது சரக்கு ஏற்றி இறக்கும் மேடை, பாரந்தூக்கி, கிடங்கு, சுங்க அலுவலகம் எல்லாம் சேர்ந்த வணிக இடம். ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. அங்கே அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்வரை கப்பல்கள் திறந்த கடலில் நிற்க, மசூலா எனப்பட்ட, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகளே அலையைக் கடந்து சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தன. வணிகம் நடந்தது, ஹார்பர் இல்லை. எழுப்பிய சுவர்களையும் 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தது. திருகோணமலையிலோ நிலமே வளைந்து காவல் நிற்கிறது. ஆகவே ‘புகல்’ என்பதே இதன் உயிர்ப்பொருள். பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகமாகிய புகாருக்குள் புகுந்த பெருங்கலத்தை, அதாவது பெரிய கப்பலை, புறநானூற்றின் 30ஆம் பாட்டு பேசுகிறது. ‘கலப்புகல்’ என்று ஆளலாம். அடைக்கலம் என்ற சொல்லிலேயே கலம் வந்தடைவது பொதிந்திருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
புலவர் ஐயாவுக்கு வணக்கம். அடையும் கலம் என்றால் அது வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல வல்லினம் மிகாமல் ‘அடைகலம்’ என்றல்லவா நிற்கும்? கலப்புகல் என்பதைக் கருங்கல் வெட்டும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் ‘கலப்பு கல்’ என்றே படிப்பார்கள். இங்கிருந்து மாங்கூழ் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநருக்குச் சென்னையில் சரக்கு இறங்கும் இடமே ஹார்பர். ஹார்பர் என்ற சட்டமன்றத் தொகுதிக்கும் தமிழில் துறைமுகம் என்றுதான் பெயர். ஒகேனக்கல்லில் பரிசல் துறை என்கிறோம். ஆளும் சுமையும் ஏறி இறங்கும் இடம் துறை. எனவே போர்ட்டுக்குத் துறைமுகம் நிற்கட்டும். ஹார்பருக்கு, படித்தவுடன் விளங்கும்படி, ‘கப்பல் ஒதுங்கிடம்’ என்று எழுதுங்கள்.

தருமபுரியிலிருந்து:
குழுவில் பெரும்பாலோர் கிருஷ்ணகிரி அம்மாவின் கருத்தையே ஏற்றிருப்பதால், ‘கப்பல் ஒதுங்கிடம்’ என்றே அனுப்புகிறேன்.

ஓசூரிலிருந்து:
அடைக்கலத்தை விட்டுவிடுகிறேன், ஒதுங்கிடத்தை ஏற்க மாட்டேன். மழைக்கு ஒதுங்குவது சற்று நேரத்துக்கு. கப்பல் அங்கே வாரக்கணக்கில் நிற்கிறது, பழுதும் பார்க்கப்படுகிறது. அடுத்த பதிப்பிலாவது ‘புகல்நீர்’ என்பதைக் கருதுங்கள்.