வேதத்தைப் படித்தால் கடவுளை அறிந்துவிடலாமா?

மௌனவழி:
பைபிளை, அதாவது கிறிஸ்தவ வேதத்தை, ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வரி விடாமல் படித்த ஒருவர் கடவுளை அறிந்தவர் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார் என்பது என் கருத்து. கடவுளைப் பற்றிய செய்திகள் அவரிடம் நிறைய இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு வேதத்திலேயே சாட்சி இருக்கிறது. பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து தவிக்கிற பக்தர் யோபு. அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் பேசுவதைக் கவனியுங்கள். கடவுள் நீதியுள்ளவர், பாவத்துக்குத் தண்டனை உண்டு, மனந்திரும்பினால் மீட்பார் என்கிறார்கள். தனித்தனியாக எடுத்தால் எதையும் எளிதில் மறுக்க முடியாது. யோபுவோ தான் பிறந்த நாளையே சபிக்கிறார், கடவுளோடு வழக்காடுகிறார். கடைசியில் கடவுள் எலிப்பாஸிடம்தான் கோபப்படுகிறார்: என் தாசனாகிய யோபுவைப் போல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபுவும் 'என் காதினால் உம்மைக் குறித்துக் கேள்விப்பட்டேன்; இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது' என்கிறார். கேள்விப்பட்டதிலிருந்து கண்டது வரையுள்ள தூரத்தை எந்தப் படிப்பாலும் கடக்க முடியாது.

வேதவாசகி:
சகோதரரே, யோபு கண்டார் என்பதே உங்களுக்குப் படித்துத்தானே தெரியும்?

வாசிப்பைத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2 இராஜாக்கள் 22, 23 அதிகாரங்களைப் பாருங்கள். யூதாவை ஆண்ட யோசியா ராஜாவின் 18ஆம் வருடத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது இல்க்கியா என்ற ஆசாரியர் நியாயப்பிரமாண புத்தகத்தை, அதாவது கடவுளின் கட்டளைகள் அடங்கிய நூலை, கண்டெடுக்கிறார். அதுவரை ஆலயம் பூட்டிக் கிடக்கவில்லை. ஆசாரியர்கள் இருந்தார்கள், காணிக்கை வந்துகொண்டிருந்தது. ஆனால் அதே ஆலயத்துக்குள் பாகால் என்ற வேறு தெய்வத்துக்குச் செய்த பாத்திரங்களும் இருந்தன! அங்கே பக்திக்குக் குறைவில்லை, பரவசமும் இருந்திருக்கும். யாரை வணங்குகிறோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது. சாப்பான் என்ற அரண்மனை எழுத்தர் அந்தப் புத்தகத்தை வாசிக்கக் கேட்டதும் ராஜா உடையைக் கிழித்துக்கொண்டார். அவரை உலுக்கியது வாசிப்புதான், தரிசனம் எதுவும் இல்லை.

நீங்கள் நேரில் காண்பதைப் பேசுகிறீர்கள். சரி, கண்டது கடவுளையா, நம் ஆசையையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

மௌனவழி:
யோசியா அடுத்து என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள், சகோதரி. உல்தாள் என்ற தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பி, கர்த்தரிடத்தில் விசாரிக்கச் சொன்னார். புத்தகம் கையில் இருந்தும் விசாரிக்க வேண்டியிருந்தது.

அப்புறம், வசனம் தெரிவதே காவல் என்று நினைக்க வேண்டாம். வனாந்தரத்தில் பிசாசு இயேசுவிடம் 91ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னான்.

வேதவாசகி:
அதே வனாந்தரத்தில் இயேசு மூன்று முறையும் வேதத்தின் உபாகமம் என்ற நூலிலிருந்துதான் பதில் சொன்னார். தவறான வாசிப்பைச் சரியான வாசிப்பு திருத்தியது.

உங்கள் எலிப்பாஸுக்கும் வருகிறேன். 1 கொரிந்தியர் 3:19இல் அப்போஸ்தலர் பவுல், ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார் என்று வேதவாக்கியமாக மேற்கோள் காட்டுகிறாரே, அது யோபு 5இல் எலிப்பாஸ் பேசியது. அவர் பேச்சு மொத்தமும் தள்ளுபடி ஆகவில்லை.

மௌனவழி:
நீங்கள் எடுத்துத் தந்தது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. அதே வாக்கியம் பவுலின் கடிதத்தில் வேதமாக நிற்கிறது. சாம்பலில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணோடு இருக்கிறவனிடம் எலிப்பாஸ் சொல்லும்போது அது கொடுமையாகிறது. ஆகவே கோளாறு வாக்கியத்தில் இல்லை.

எலிப்பாஸ் நல்லவராகத்தான் வந்தார். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்த பிறகோ எல்லாம் தெரிந்தவராகிவிட்டார். அந்த விவாதம் முழுவதையும் படித்துப் பாருங்கள். நண்பர்கள் மூவரும் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒரு தடவைகூடக் கடவுளிடம் பேசவில்லை. யோபு ஒருவர்தான் பேச்சின் நடுவிலேயே அவர் பக்கம் திரும்பி, ஏன் எனக்கு இப்படிச் செய்கிறீர் என்று கேட்கிறார். எவ்வளவு படித்தாலும் அந்தத் திரும்புதல் தானாக வந்துவிடாது. என் வாதம் முழுவதும் அதுதான்.

வேதவாசகி:
இதை மறுக்க மாட்டேன். ஆனால் படிப்பு ஒரு பக்கம், பேசுவது இன்னொரு பக்கம் என்று பிரித்துவிடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. 22ஆம் சங்கீதத்தை எடுங்கள். 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று முதல் வரியிலேயே வாசகர் கடவுளிடம் பேசத் தொடங்கியாக வேண்டும். சிலுவையில் இயேசு சொன்னதும் அதே வரி. தாங்க முடியாத வேளையில் அவர் சொந்தமாகச் சொல் தேடவில்லை, படித்த சொல்லாலேயே கதறினார். நீங்கள் சொல்லும் திரும்புதலை எனக்குக் கற்றுத் தந்ததே சங்கீதங்கள்தான்.

புதியவன்:
ஒரு சந்தேகம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குக் கடவுள் இரண்டாம் தரமாகத்தான் தெரிவாரா?

திருமுறை அன்பர்:
நான் சைவன், இருந்தாலும் இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் உண்டு. வேடரான கண்ணப்பர், பூசை முறைகளைச் சொல்லும் ஆகமம் படித்தவரில்லை. வாயில் கொண்டுவந்த நீரும் இறைச்சியும் அவர் பூசை. அதே சிவலிங்கத்துக்குப் பூசை செய்த சிவகோசரியார் முறைப்படி படித்தவர், அந்த இறைச்சியைக் கண்டு துடித்துப்போகிறார். எது அன்பு என்பதைப் படித்தவருக்குக் காட்டத்தான் இறைவன் வேடனைக் காட்டினான். புதியவன் கேட்டதற்கு என் பதில் அது. படிக்காதவர் இரண்டாம் தரமில்லை.

ஆனால் வேதவாசகி அம்மாவின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சிவகோசரியாரை இறைவன் தள்ளிவிடவில்லை. அவர் கனவில்தான் வந்தான், மறைந்திருந்து பார் என்று அவருக்குத்தான் சொன்னான். 'நூலுணர்வு உணரா நுண்ணியோன்' என்று பாடிய மாணிக்கவாசகர், சிவபுராணத்தில் பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவாரைப் போற்றியே முடிக்கிறார். நூலால் எட்ட முடியாது என்பதையும் நூல்தானே நமக்குச் சொல்கிறது. எட்ட வைப்பது அவன் அருள். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அது ஒன்றே.

மௌனவழி:
ஐயா, அருள் என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் நானும் நிற்கிறேன். பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல், 1654 நவம்பர் 23 இரவில் தனக்கு நேர்ந்ததை ஒரு தாளில் எழுதிவைத்தார். நெருப்பு என்று ஒரு சொல். அடுத்து ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்; தத்துவவாதிகளுடைய, அறிஞர்களுடைய தேவன் அல்ல என்று எழுதினார். 1662இல் அவர் இறந்த பிறகுதான் அது அவர் மேலங்கிக்குள் தைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவ்வளவு படித்தவருக்குப் படிப்பு தராத ஒன்றை அந்த இரவு தந்தது.

வேதவாசகி:
அதே தாளில், சுவிசேஷம் கற்பிக்கும் வழிகளில் மட்டுமே அவரைக் கண்டடைய முடியும் என்றும் எழுதியிருக்கிறார், சகோதரரே. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற வரியே யாத்திராகமம் 3இல் எரியும் முட்செடியிலிருந்து மோசே கேட்டது. அவருடைய நெருப்பும் வேதத்தின் சொற்களில்தான் பேசியது.

பவுலையும் பாருங்கள். மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்ட ஒருவரைப் பற்றி 2 கொரிந்தியர் 12இல் எழுதுகிறார், அது அவரேதான் என்பது பொதுவான புரிதல். அப்படிப்பட்டவர் சிறையில், முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவிடம் என்ன கேட்கிறார்? மேலங்கியையும் புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்கிறார். அவ்வளவு கண்டவருக்கும் வாசிக்க வேண்டியது மிச்சம் இருந்தது.

மௌனவழி:
மூன்றாம் வானத்தில் கேட்டதை அவர் எந்த நிருபத்திலும் எழுதவில்லையே, சகோதரி. வாக்குக்கெட்டாதது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தோற்சுருளை நானும் கேட்பேன். அதில் எழுதாமல் விட்டது எனக்கு எப்படிக் கிடைக்கும் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வேதவாசகி:
வராது. அது என் கையில் இல்லை. உல்தாளிடம் ஆள் அனுப்பிய யோசியாவுக்கும் முதலில் புத்தகம் கிடைக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் விடமாட்டேன்.