ஸ்பிட்ஃபயருக்கு ஜிப்சி எஞ்சின்: வேண்டுமா, வேண்டாமா?

குடமுருட்டிக் கரை (பாபநாசம்):

பெரியப்பா வைத்திருந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என் கொட்டகையில் நிற்கிறது. 1968 மாடல், 1296 சி.சி., இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், நான்கு கியர். புதிதாக இருந்தபோது 75 குதிரைத்திறன் என்று கையேடு சொல்கிறது. இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. மேடு என்பதே இல்லாத நம் பகுதியில், ஆற்றுப் பாலம் ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்குகிறது. நீலப்புகை வருகிறது. மூன்றாம் கியர் ஊளையிடுகிறது. தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் 100 கி.மீ. வேகம் தொட்டால் முள் 4000 ஆர்.பி.எம்.மில் நிற்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். பழைய எஞ்சினையே பிரித்துக் கட்டு என்கிறார் இன்னொருவர். வண்டியை விற்கும் எண்ணம் இல்லை, ஓட்ட வேண்டும். உங்கள் கருத்து?

ஜிப்சி பித்தன் (மன்னார்குடி):

ஏற்றிவிடுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜிப்சியின் ஜி13பிபி எஞ்சின் 1298 சி.சி., 16 வால்வு, இன்ஜெக்‌ஷன், 80 குதிரைத்திறன். பிளாக் அலுமினியம். உங்கள் டிரையம்ப் எஞ்சின் முழுக்க வார்ப்பிரும்பு. இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது: ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கியர்பெட்டியோடு ஒட்டியிருக்காது, தனியாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் கையில் இருப்பது பின்சக்கர வண்டிக்கான ஐந்து கியர் பெட்டி. ஜிப்சி கிடைக்காவிட்டால் மாருதி வெர்சா இருக்கிறது, அதுவும் இதே எஞ்சின், பின்சக்கர ஓட்டம்தான்.

டிரையம்ப் எஞ்சினின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காகச் செய்த 803 சி.சி. எஞ்சின் அது. அதையே இழுத்து இழுத்து 948, 1147, 1296, கடைசியில் 1493 வரை கொண்டுபோனார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்குவது கடைசிவரை மூன்று மெயின் பேரிங்குகள்தான். இன்றைய வேகத்துக்கு அதை நம்பி எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

மூன்று பேரிங் (திருவையாறு):

பித்தன் சொன்ன பூர்வீகம் சரி. கணக்குதான் அரைகுறை. மார்க் 3-இன் டார்க் (சுழல்விசை) 4000 ஆர்.பி.எம்.மில் சுமார் 102 நியூட்டன் மீட்டர். ஜிப்சியின் டார்க் 4500-இல் 103. ஐந்து குதிரைக்கும் ஒரு நியூட்டன் மீட்டருக்குமாக எஞ்சின் தாங்கிகளை அறுத்து, வயரிங் முழுவதையும் மாற்றி, டேங்குக்கு உயர் அழுத்தப் பம்பும் திரும்பு குழாயும் போட்டு, ரேடியேட்டரை நகர்த்தச் சொல்கிறீர்கள். 1493 சி.சி. எஞ்சின் அடிப்பகுதியில் பலவீனம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1296 இந்த வம்சத்திலேயே இனிமையாகச் சுழலும் எஞ்சின். எட்டுத் துளை சிலிண்டர் ஹெட் (ஒவ்வொரு வால்வுக்கும் தனி வழி) வந்ததும் இதில்தான்.

நண்பரின் பதிவை மறுபடி படியுங்கள். நான்குவழிச் சாலையில் இரைச்சல் என்கிறார். அது எஞ்சினின் குற்றம் அல்ல, கியர் விகிதத்தின் குற்றம். அவர் வண்டியில் கிரௌன் விகிதம், அதாவது பின் ஆக்ஸிலின் பல்சக்கர விகிதம், 4.11. 13 அங்குலச் சக்கரத்தோடு டாப் கியரில் 1000 ஆர்.பி.எம்.முக்கு 25 கி.மீ. வேகம் வரும், ஆகவே 100-க்கு 4000. மார்க் 4-இன் 3.89 கிரௌனைப் போட்டால் ஏறத்தாழ 3800. ஸ்பிட்ஃபயர் 1500-இன் 3.63 போட்டால் 3500. லேகாக் ஓவர்டிரைவ் (கியர்பெட்டியின் பின்னால் சேரும் கூடுதல் உயர் கியர்) கிடைத்தால் அதன் விகிதம் 0.802, அதே 4.11 கிரௌனிலேயே 3200-க்கு இறங்கிவிடும். எஞ்சினைத் தொடாமலே பாதி நோய் தீர்ந்தது. அரியலூர்ப் பக்கம் போனால்தான் நமக்கு மேடு. தட்டையான காவிரிப் படுகையில் உயரமான கியருக்கு என்ன தடை?

ஜிப்சி பித்தன்:

மூன்று பேரிங் ஐயா, காகிதக் குதிரைகளை எண்ணுகிறீர்கள். 1968-இல் இருந்த 75-உம் இன்று தேய்ந்துபோய் நிற்கும் 75-உம் ஒன்றா? ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டாலும் அது கார்புரேட்டர் எஞ்சின்தான்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மே மாதம் மதியம் மாட்டிக்கொண்டது உண்டா? எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்து, கேட் திறந்ததும் சாவியைத் திருப்புங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருக்கும், வண்டி கிளம்பாது. பின்னால் வரிசையில் நிற்கும் டவுன் பஸ் டிரைவர் உங்கள் ஸ்பிட்ஃபயரின் அழகை ரசித்துக்கொண்டிருக்க மாட்டார். இப்போது பம்புகளில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வேறு. எத்தனால் கலந்தால் கலவை மெலிகிறது, எஞ்சின் இன்னும் சூடாகிறது, பழைய ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கின்றன. இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் கணினி இதில் ஓரளவையாவது சமாளிக்கும். உங்கள் எஸ்.யூ. என்ன செய்யும்?

மூன்று பேரிங்:

எஸ்.யூ.வின் அடியில் ஓர் அறுகோண நட்டு இருக்கிறது. அதை ஒரு முகம், இரண்டு முகம் திருப்பி ஜெட்டைக் கீழிறக்கினால் கலவை செறிவாகும். போதவில்லையென்றால் ஊசியை மாற்றலாம். குழாய்க்கு எத்தனாலைத் தாங்கும் ரகம் இருக்கிறது. இதற்காக எஞ்சினையே தூக்கி எறிவதா? மேலும், பழைய ஜிப்சிகளும் இ20 வருமுன் செய்தவைதான். அவற்றின் குழாய்கள் மட்டும் அமிர்தத்தில் செய்தவையா?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துபவர்கள் டேங்கை வடித்துவிட வேண்டும்.

லேத் பட்டறை (கும்பகோணம்):

இருவரும் எஞ்சினைப் பார்க்காமலே வைத்தியம் சொல்கிறீர்கள். தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். போனட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்து வைத்துவிட்டு, ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். முன்னால் கிராங்க் புல்லி அசைகிறதா பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் போய்வந்தால், அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள்.

இந்த எஞ்சினில் பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் பிறைவடிவத் திரஸ்ட் வாஷர்கள் இருக்கும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்கைத் தள்ளும் விசையைத் தாங்குவது அவைதான். தேய்ந்து மெலிந்தால் நழுவி, அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்க் நேராகப் பிளாக்கையே தின்னும். கிராங்கின் முன்பின் அசைவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். டயல் கேஜ் இருக்கும் எந்தப் பட்டறையிலும் அளந்துவிடலாம். ஹெரால்டு கார்கள் ஓடிய காலத்தில் இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே அடித்தளம்தானே, ஹெரால்டைச் சென்னையிலேயே செய்தார்கள்.

பிளாக் நன்றாக இருந்தால் பிரித்துக் கட்டுவது பெரிய வித்தை அல்ல. போர் 73.7 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. டிராக்டர் எஞ்சின் போரிங் செய்யும் இயந்திரத்தில் இது தாராளமாக உட்காரும். கிராங்கைக் கிரைண்டிங் செய்து அளவுக்கேற்ற பேரிங் ஷெல் போடலாம். ஹெட்டைக் கழற்றும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினச் சீட் பதித்துவிடுங்கள். இந்த எஞ்சின் செய்தது ஈயம் கலந்த பெட்ரோலுக்கு, ஈயம்தான் சீட்டைத் தேயாமல் காத்தது, நம் நாட்டில் அது 2000 பிப்ரவரியோடு நின்றுபோனது. பிளாக் கெட்டிருந்தால் மட்டும் பித்தன் சொல்வதைப் பேசலாம்.

வேலையை எப்போது கொடுப்பது என்பதையும் சொல்கிறேன். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் எந்தப் பட்டறைக்காரரும் உங்கள் காரைத் திரும்பிப் பார்க்க மாட்டார், டிராக்டர்கள்தான் முதலில். நடவு முடிந்ததும் வாருங்கள்.

ஆர்.சி. புத்தகம் (தஞ்சாவூர்):

யாரும் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ளவை மாறுபடும்படி வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. டிரையம்ப் எஞ்சின் எண் இருக்கும் புத்தகத்தோடு சுசூகி எஞ்சினை ஓட்டினால், ஒரு விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனம் உங்களைத் தனியாக விட்டுவிடும்.

இன்னொன்று. 2021-இல் மோட்டார் வாகன விதிகளில் 81ஏ சேர்ந்தது. 50 ஆண்டு கடந்த வண்டி, சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருந்தால் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். எண்ணில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். 1968 வண்டிக்கு அந்தத் தகுதி உண்டு. எஞ்சினை மாற்றிய அன்று அது போய்விடும்.

கியர்பெட்டியோ கிரௌன் விகிதமோ ஆர்.சி. புத்தகத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஜிப்சி பித்தன்:

81ஏ-யின் மறுபாதியையும் சொல்லுங்கள். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சிக்குப் போகலாம், பேரணிக்குப் போகலாம். நண்பர் முதல் பதிவிலேயே ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு இது எதற்கு?

அசல் அசல் என்று எல்லோரும் உருகுகிறீர்கள். சென்னையில் ஹெரால்டைச் செய்தவர்களே 1972-இல் கஸல் என்ற காரைக் கொண்டுவந்தபோது ஆடும் பின் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு நேரான ஆக்ஸில் போட்டார்கள். நம் சாலைக்கும் நம் மெக்கானிக்குக்கும் அதுதான் ஒத்துவரும் என்று தெரிந்துதான் செய்தார்கள். தொழிற்சாலை செய்தால் மேம்பாடு, நான் செய்தால் பாவமா?

உப்புக்காற்று (நாகப்பட்டினம்):

எஞ்சின் சண்டையில் பின்பக்கத்தை மறந்துவிட்டீர்கள், பித்தன் தற்செயலாகத் தொட்டார். இந்த வண்டியில் பின்சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பதே அரைத்தண்டுதான் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு). ஹப் பக்கம் அது முறிந்தால் சக்கரம் வண்டியை விட்டே கழன்று போகும். கூடுதல் சக்தி கொடுக்கும் முன், குறைந்தபட்சம் தண்டுகளைக் கழற்றி விரிசல் சோதனை செய்யுங்கள். டிஃபரன்ஷியலும் சிறியது, ஹெரால்டிலிருந்து வந்தது.

கதவுகளுக்கு அடியில் ஓடும் பக்கவாட்டுச் சில்களையும் ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். எங்கள் ஊர்க் காற்றில் முதலில் போவது அவைதான். பாபநாசத்தில் உப்பு இல்லை என்றாலும், சேறும் தொழுவ ஈரமும் போதும். துருப்பிடித்த சட்டத்தில் எந்த எஞ்சினை ஏற்றினாலும் கதவு மூடாது.

குடமுருட்டிக் கரை:

நேற்று லேத் பட்டறை அண்ணா சொன்னபடி கிளட்சை மிதித்துப் பார்த்தோம். புல்லி அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. டயல் கேஜில் 0.35 காட்டியது. சம்ப்பைக் கழற்றினோம். வாஷர்கள் மெலிந்திருக்கின்றன, ஆனால் நழுவவில்லை, பிளாக்கில் கீறல் இல்லை. ஆகவே எஞ்சின் பிழைத்தது. பிரித்துக் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன், பித்தன் மன்னிக்கவும். அரைத்தண்டுகள் இரண்டும் சோதனைக்குப் போகின்றன.

மிச்சம் இருப்பது ஐந்தாவது கியர். ஓவர்டிரைவ் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், சுங்கவரி பயமுறுத்துகிறது. பழைய எஞ்சினோடு ஜிப்சி பெட்டியை மட்டும் இணைக்க முடியுமா? அதன் ஐந்தாம் கியர் விகிதம் சுமார் 0.8 என்கிறார்கள்.

மூன்று பேரிங்:

முடியும். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மார்க் 4-இன் 3.89 கிரௌன் போதும், ஃபிளாஞ்சின் துளைகள் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மூன்றாம் கியரின் ஊளைக்குப் பேரிங்கும் லே ஷாஃப்டும் மாற்றினால் தீரும். 3800 ஆர்.பி.எம். என்பது நன்றாகக் கட்டிய 1296-க்கு ஒரு பொருட்டே அல்ல.

ஜிப்சி பித்தன்:

இப்போதாவது என் பக்கம் பாதி வந்தீர்களே, மகிழ்ச்சி. பெட்டியை மட்டும் போட்டாலும் 3200-க்கு இறங்கும். அதுவும் புத்தகத்தில் எழுதாத மாற்றம், ஆர்.சி. ஐயாவுக்கும் ஆட்சேபம் இருக்காது. நான் பார்த்தவரை ஸ்பிட்ஃபயரில் பெட்டியைக் கழற்றுவது போல எளிய வேலை கிடையாது. நடு மூடியை எடுத்துவிட்டால் இருக்கை வழியாகவே வெளியே வந்துவிடும், அடியில் படுக்கக்கூட வேண்டாம்.

லேத் பட்டறை:

எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் அடாப்டர் தட்டு கடைந்து தருகிறேன். ஆனால் கிராங்கின் மையமும் பெட்டித் தண்டின் மையமும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன் பேரிங் சில மாதத்தில் போகும். ஸ்பைகாட் புஷ், கிளட்ச் தட்டின் ஸ்பிளைன், ஸ்பீடாமீட்டர் கேபிள், புதிய அளவில் புரொபெல்லர் ஷாஃப்ட் என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். ஷாஃப்டைக் கட்டாயம் பேலன்ஸ் செய்ய வேண்டும், அதற்குத் திருச்சிக்குத்தான் அனுப்ப வேண்டும். தம்பி, எஞ்சினை முதலில் கட்டி நாலு கியரோடு ஓட்டிப் பாருங்கள். பெட்டியைப் பொங்கலுக்குப் பிறகு பேசலாம்.

ஜிப்சி பித்தன்:

சரி, ஆனால் நல்ல பெட்டி இப்போது கிடைத்தால் வாங்கி வைத்துவிடுவதில் தவறில்லை. பட்டுக்கோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் வெர்சா ஒன்று நிற்கிறது. ஐந்தாம் கியர் விழுகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.