புதுப்பிப்பு: புது கிளட்ச் போட்ட பிறகும் கியர் விழாத பழைய டிராக்டர், கோளாறு தீர்ந்தது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. எங்கள் பழைய மாஸ்ஸி 1035-க்குப் புது கிளட்ச் பிளேட்டும் அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் போட்டும், பெடலை முழுதாக மிதித்தால்கூட முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று அரைபடுகின்றன என்று எழுதியிருந்தேன்.

முதலில் பெடலின் வெற்று ஆட்டத்தை (கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) ஏறத்தாழ 25 மில்லிமீட்டருக்குச் சரிசெய்தேன். பயனில்லை. கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம் என்று பலர் சொன்னீர்கள். வண்டியை மறுபடி பிரித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது.

"ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கைத் தொட்டுப் பாருங்கள்" என்றாரே ஒரு அண்ணன், அவர் சொன்னதே காரணம். ஃப்ளைவீல் என்பது எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்; கியர்பாக்ஸ் தண்டின் முனையை அதன் நடுவில் தாங்குவதுதான் பைலட் பேரிங். சுண்டுவிரலை விட்டுச் சுழற்றினேன், அசையவே இல்லை. உள்ளே கிரீஸ் காய்ந்து கருந்தாராகிக் கிடந்தது. பேரிங் இறுகியதால், கிளட்ச் விடுபட்ட பிறகும் கியர்பாக்ஸ் தண்டை ஃப்ளைவீல் தன்னோடு இழுத்துச் சுற்றியிருக்கிறது. வேலையைச் செய்த மெக்கானிக் பழைய பேரிங்கையே விட்டுவைத்திருந்தார். புது கிளட்ச் போடும்போது அதையும் கட்டாயம் மாற்றுங்கள், விலை மிகக் குறைவு.

பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர் என்னிடம் இல்லை. துளை நிறையக் கிரீஸ் அடைத்து, துளைக்குச் சரியான கனமுள்ள கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஐந்தாறு அடியில், அழுந்திய கிரீஸ் பின்னாலிருந்து தள்ள, பேரிங் வெளியே நகர்ந்து வந்தது.

எதிர்பாராத ஒன்று: ஃப்ளைவீலுக்குப் பின்னால், எஞ்சின் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீல் கசியத் தொடங்கியிருந்தது. எண்ணெய் பிளேட்டைத் தொடும் முன்பே கண்ணில் பட்டது, அதையும் மாற்றிவிட்டேன்.

மூன்று நாள் சேற்றுழவு முடிந்தது. கியர் சத்தமில்லாமல் விழுகிறது.