ஐஸ்லாந்திய மொழியில் உருளைக்கிழங்கு: நடு உயிர் ஏன் மாறுகிறது?

கேத்தி வாசகர்:
வணக்கம். கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த நான், சில காலமாக ஐஸ்லாந்திய மொழி பயின்று வருகிறேன். எங்கள் பயிருக்கு அம்மொழியில் 'கார்ட்டப்லா' என்று பெயர். 'உருளைக்கிழங்கை' என்றால் அது 'கார்ட்டொப்லு' ஆகிறது, பன்மை 'கார்ட்டொப்லுர்'. ஆனால் 'உருளைக்கிழங்குகளின்' என்னும்போது மட்டும் நடுவிலிருந்த அகரம் திரும்பி வந்து 'கார்ட்டப்ல்னா' என்று நிற்கிறது. இதற்கு விதி ஏதேனும் உண்டா? சொல் எங்கிருந்து வந்தது?

கோத்தகிரி வாசகர்:
விதி தெளிவாகவே உண்டு. அடுத்த அசையில் உகரம் வந்தால், அதற்காக உதடு முன்கூட்டியே குவிந்து, முந்தைய அகரத்தை மாற்றிவிடுகிறது. (நீங்கள் ஒகரமாக எழுதியிருக்கும் ஒலி, உதட்டைக் குவித்துக்கொண்டு எகரம் சொன்னால் பிறப்பது.) 'னா' என்னும் ஈற்றில் உகரம் இல்லை, ஆகவே அங்கே அகரம் அப்படியே இருக்கிறது. சொல்லின் முதல் உயிர் உகரத்தை ஒட்டி நில்லாததால் எந்த வடிவத்திலும் மாறுவதில்லை.

பின்வரும் உயிர் முன்னுள்ள உயிரை இழுப்பது நமக்கும் பழக்கமானதுதான். மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை ஏற்றும் இடத்தில் 'கெழங்கு' என்றுதான் காதில் விழும். 'கிழங்கு' என்பது எழுத்தில் மட்டுமே. இலை 'எலை' ஆவதும், குடை 'கொடை' ஆவதும் இவ்வாறே. நாம் இம்மாற்றத்தை எழுத்தில் ஏற்கவில்லை, ஐஸ்லாந்தியர் ஏற்றுக்கொண்டனர். ஆகவே அகராதியைப் புரட்டும்போது நீங்கள் அகர வடிவத்தை மீட்டெடுத்தே தேட வேண்டும். இச்சொல் பெண்பால் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; அடைமொழியும் அதற்கேற்ப மாறும்.

குன்னூர் வாசகர்:
சொல்லின் வரலாறு: மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானுக்கான இத்தாலியச் சொல், உருளைக்கிழங்குக்கும் பெயராகி ஜெர்மனுக்குச் சென்றது, அங்கே முதல் தகரம் ககரமாகி 'கார்ட்டோஃபல்' ஆனது. அவ்வடிவம் டேனிஷ் வழியாக ஐஸ்லாந்தை அடைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த அத்தீவில் இப்பயிரை முதலில் வளர்த்தவர்களுள் பாதிரியார் பியோர்ன் ஹால்டோர்சன் ஒருவர். 'நிலத்து ஆப்பிள்' என்று பொருள்படும் 'யார்தெப்லி' என்னும் சொல்லும் அம்மொழியில் உண்டு.

கோத்தகிரி வாசகர்:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். கேரட்டைக் குறிக்கும் 'குல்ரோட்' பன்மையில் 'குல்ரைட்டுர்' ஆவதைப் பார்த்து, அதையும் இவ்விதியில் அடக்கிவிடாதீர்கள். அங்குள்ள உகரம் பிற்காலத்தில் நுழைந்தது. உயிரை மாற்றியது அதற்கு வெகு முன்பே ஈற்றிலிருந்து மறைந்துபோன ஓர் இகரம்.